வர்ணனைச் சொல்லும் வர்த்தக முத்திரையும்

நாட்டின் பெரிய உணவுப்பண்ட நிறுவனங்களில் இரண்டு, ‘மேஜிக் மசாலா’ என்னும் இரண்டு சொற்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏழாண்டுக் காலம் வழக்காடின என்பது, வியாபார உலகில் ஒரு சொல்லுக்கு உள்ள மதிப்பை அறியாதவருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஐ.டி.சி. நிறுவனம் 2010-ஆம் ஆண்டில் சந்தைக்குக் கொணர்ந்த யிப்பி நூடுல்ஸின் ஒரு வகைக்கு அப்பெயரை இட்டிருந்தது. 2013-இல் நெஸ்லே நிறுவனம் தன்னுடைய மேகி நூடுல்ஸின் ஒரு வகையை ‘மேஜிக்கல் மசாலா’ என்று விற்கத் தொடங்கவே வழக்கு எழுந்தது. 2020 ஜூன் மாதத்தில் வந்த தீர்ப்பு ஐ.டி.சி.யின் கோரிக்கையை மறுத்தது. ‘மேஜிக்’ என்பது சரக்கின் சுவையைப் புகழ்ந்துரைக்கும் சொல். ‘மசாலா’ என்பதோ இந்தியச் சமையற்கட்டு முழுவதற்கும் பொதுவான சொல். அவ்விரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திய மாத்திரத்தால் அவற்றின்மேல் ஒருவருக்குப் பிரத்தியேக உரிமை பிறந்துவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அவ்விரு நிறுவனங்களுக்கும் இந்தத் தீர்ப்பினால் பெரிய லாபமோ நஷ்டமோ விளைந்திருக்கும் என்று நான் கருதவில்லை. ஆனால் அந்த வழக்கின் அடியில் கிடக்கும் கேள்வி, ஈரோட்டில் மஞ்சள் அரைத்து விற்கிறவரையும், காங்கேயத்தில் எண்ணெய் ஆட்டி விற்கிறவரையும், மதுரையில் ஊறுகாய் போட்டு விற்கும் மகளிர் குழுவினரையும் நேரே தொடுகின்ற கேள்வியாகும். சரக்கின் குணத்தையோ, தரத்தையோ, பிறந்த ஊரையோ, பயனையோ உள்ளபடி எடுத்துக்கூறுகின்ற ஒரு சொல்லை ஒருவர் தமக்கே உரிய முத்திரையாகப் பதிவு செய்துகொள்ளலாமா? கொள்ளலாம் என்றால், அதே குணமுள்ள சரக்கை விற்கும் மற்றவர் அந்தக் குணத்தை எந்த வாயால் கூறுவது?

சட்டம் இதற்கு விடை கூறாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் அமலில் இருந்துவரும் வர்த்தக முத்திரைகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் வகை, தரம், அளவு, உபயோகம், மதிப்பு, உற்பத்தியான இடம், காலம் முதலியவற்றைச் சுட்டுவதற்கு வியாபாரத்தில் பயன்படக்கூடிய சொற்கள் மட்டுமே அடங்கிய முத்திரையைப் பதிவு செய்யலாகாது என்று முதலில் கதவை அடைக்கிறது. அடைத்த கையோடு, விண்ணப்பம் செய்த தேதிக்கு முன்பே அம்முத்திரை உபயோகத்தினால் தனித்தன்மை பெற்றுவிட்டிருந்தால் பதிவை மறுக்கலாகாது என்று ஒரு விலக்கையும் தருகிறது. ஆகவே, வர்ணனைச் சொல்லைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்பவருக்கு நேரான விடை இதுதான்: பிறக்கும்போதே முடியாது, வளர்ந்து, மக்கள் அதை ஒரு வியாபாரியின் அடையாளமாக ஏற்றுக்கொண்ட பின்பு முடியும். இந்த விடையில் குற்றம் காண்பதற்கில்லை. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதை எவ்வாறு, எந்தச் சாட்சியத்தைக் கொண்டு முடிவு செய்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அதைச் சொல்லுமுன், வியாபாரிகள் ஏன் வர்ணனைச் சொல்லையே நாடுகிறார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். ‘கோடக்’ என்பது போல எந்த மொழியிலும் பொருளில்லாத ஒரு சொல்லைப் புதிதாக ஆக்கிக்கொள்ளுகிறவர், அந்தச் சொல்லுக்குப் பொருளை ஊட்டுவதற்கே பல ஆண்டு உழைப்பையும் பெரும் பொருளையும் செலவிட வேண்டியவராகிறார். கடைக்கு வந்தவர் அந்த ஓசையைக் கேட்டவுடனே இன்ன சரக்கு, இன்னார் செய்தது என்று உணரும் நிலை வரும்வரையில் அவருடைய முதலீடு பலன் தருவதில்லை. சர்க்கரை இல்லாத இனிப்பை ‘சர்க்கரை இல்லாதது’ என்ற பெயராலேயே விற்கிறவருக்கோ இந்தத் தொல்லை கிடையாது. முதல் நாளிலிருந்தே பெயர் விளம்பரமாகவும் நின்று வேலை செய்கிறது. அந்த அனுகூலத்தை அடைந்தவர், சொல்லை ஆக்கிக்கொண்டவருக்கு உரிய பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் நியாயம் தடுமாறுகிறது. ஏனெனில், அவர் பெற்ற அனுகூலம் அவர் ஈட்டியதன்று. அந்தச் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி அதற்குப் பொருள் கொடுத்த மக்கள் ஈட்டியது.

இந்தச் சிந்தனை புதிதன்று. இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவேடு திறக்கப்பட்டு, 1876 ஜனவரி முதல் தேதியன்று பாஸ் என்னும் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் முதல் முத்திரையாக ஏறியபோது, புதிதாக வரும் வெறுஞ்சொல் எதற்கும் அப்பதிவேட்டில் இடமில்லாதிருந்தது. சித்திரம், கையொப்பம், தனிவகையில் எழுதிய பெயர் ஆகியவற்றுக்கே இடம். பின்னர் 1883-லும் 1888-லும் சட்டம் திருத்தப்பட்டு, ஆக்கிக்கொண்ட சொற்களுக்கும், சரக்கின் குணத்தைச் சுட்டாத சொற்களுக்கும் வழி திறந்தது. ஈஸ்ட்மன் நிறுவனம் புகைப்படக் காகிதத்துக்கு இட்ட ‘சோலியோ’ என்ற பெயரில், சூரியனைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் இருக்கிறது என்று எழுந்த ஆட்சேபணையைப் பிரபுக்கள் சபை 1898-இல் தள்ளி, அது ஆக்கிக்கொண்ட சொல்லே என்று தீர்ப்பளித்தது. சாயலுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்ற அளவில் அந்தத் தீர்ப்பு சரியானது.

பதினோராண்டு கழித்து, கிராஸ்ஃபீல்ட் என்னும் சவுக்கார நிறுவனம் ‘பெர்ஃபெக்‌ஷன்’ என்ற சொல்லைக் கேட்டு வந்தது. முழுமை, குறைவின்மை என்று பொருள்படும் அந்தச் சொல்லால் தன் சவுக்காரம் நெடுங்காலமாக அறியப்பட்டு வந்திருக்கிறது என்பது அதன் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. செல்வமுள்ள வியாபாரிகள், ஆங்கில மொழி என்னும் பொது நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்டு வளைத்துக்கொண்டு, இன்றுள்ளோரும் இனி வருவோரும் அதில் காலடி வைக்காதபடி தடுக்க எப்போதும் ஆவலாயிருக்கிறார்கள் என்ற கருத்தை அவ்வழக்கில் கோசன்ஸ்-ஹார்டி என்னும் நீதிபதி வெளியிட்டார். நம் ஊர்களில் மந்தைவெளி எவ்வாறு எல்லார் மாட்டுக்கும் உரியதோ, அவ்வாறே ‘நல்ல’, ‘சுத்தமான’, ‘முதல்தரமான’ என்னும் சொற்களும் எல்லார் சரக்குக்கும் உரியவை என்பது இதன் தாத்பரியம். அதே வழக்கிலேயே ஃபிளெட்சர் மௌல்டன் என்னும் மற்றொரு நீதிபதி, வர்ணனையாக இருப்பதும் தனித்தன்மை பெற்றிருப்பதும் ஒன்றுக்கொன்று இயற்கைப் பகையன்று என்றும், நீண்ட உபயோகத்தால் ஒரு வர்ணனைச் சொல் ஒருவருக்கே உரியதாய்ப் பழகிவிடுவது சாத்தியமே என்றும் விளக்கினார். இன்றைய இந்தியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் தடையும் விலக்கும் ஒன்றையடுத்து ஒன்று நிற்பதை வாசிக்கும்போது, அவ்விரு நீதிபதிகளும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற எண்ணம் எனக்கு ஏற்படுவதுண்டு.

விலக்கு ஏன் வேண்டும் என்பதையும் மறுபக்கத்தாருக்கு நியாயம் செய்யும் முறையில் சொல்லியாக வேண்டும். 1896-இல் பிரபுக்கள் சபை தீர்த்த ரெடவே வழக்கில், இயந்திரங்களுக்கு உரிய வார்ப்பட்டைகளை ஒருவர் பல்லாண்டுகளாக ‘ஒட்டகமயிர்ப் பட்டை’ என்று விற்று வந்திருந்தார். மற்றொருவரும் ஒட்டகமயிர் நூலாலேயே பட்டை செய்து, அதே பெயரால் விற்கத் தலைப்பட்டார். சொல்வது உண்மைதானே, பட்டை ஒட்டகமயிரால் ஆனதுதானே என்று அவர் வாதித்தார். ஆனால் வாங்குவோர் உள்ளத்தில் அந்தப் பெயர் பொருளின் பெயராக இல்லாமல், முதலாமவருடைய சரக்கின் பெயராகவே வேரூன்றிவிட்டது என்று சாட்சியத்தால் நிலைநாட்டப்பட்டமையால், உண்மையான சொல்லைக்கொண்டும் ஒருவரை ஏமாற்ற முடியும் என்று சபை கண்டது. இரண்டாமவர் தம் சரக்கு வேறு என்பதைத் தெளிவாகக் காட்டிவிட்டே விற்க வேண்டும் என்றது. நேர்மையாக உழைத்துப் பெயரெடுத்தவரின் பலனைப் பிறர் பறித்துக்கொள்ள மொழியின் பொதுமை ஒரு சாக்காகக் கூடாது என்பது இதில் அடங்கிய தர்மம். இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆயினும், வாங்குவோர் உள்ளத்தில் வேரூன்றியது என்பதற்கு அங்கே சாட்சியம் இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டில்தான் வர்த்தக முத்திரைகளுக்கென்று முதற்சட்டம் பிறந்தது. அதற்குப் பின் 1958-லும் 1999-லும் புதுச் சட்டங்கள் வந்தன. முதற்சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கு 1955-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நெய் விற்ற ஒரு நிறுவனத்தின் முத்திரையில் ‘ஸ்ரீ’ என்ற சொல் எடுப்பாக இடம்பெற்றிருந்தது. அந்தச் சொல்லுக்குத் தனியாக உரிமை கோருவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் எனப் பதிவாளர் விதித்தார், நிறுவனம் மறுத்தது. மங்கலச் சொல்லாய் நாடெங்கும் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் ஏட்டிலும் விளங்கும் அச்சொல்லை ஒரு நெய் வியாபாரி தமக்கே உரியதாக்கிக்கொள்ள இடம் தரலாகாது என்ற நோக்கத்தோடு பதிவாளர் செய்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, முத்திரையின் பதிவு ரத்தாகவில்லை என்பதே. முழு முத்திரையும் நிறுவனத்தினுடையது. அதனுள் அடங்கிய பொதுச்சொல் மட்டும் பொதுவினது. உரிமைத் துறப்பு என்ற அந்த ஒரு வரி, பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும், இன்ன அளவு வேலி, இன்ன அளவு வெளி என்பதை அச்சிட்டுக் காட்டிற்று.

அதே ஐம்பதுகளில் கல்கத்தா உயர் நீதிமன்றம், சமையல் எண்ணெய் வகைக்கு ‘ரசோயி’ என்ற பெயரைப் பதிவு செய்ய மறுத்ததும் நமக்கு முக்கியமானது. சமையலைக் குறிக்கும் இந்தியச் சொல் அது. ஆங்கில அகராதியில் இல்லை என்பதால் அது வர்ணனையன்று என்றாகிவிடவில்லை. 1977-இல் வெளிவந்த மற்றொரு கல்கத்தாத் தீர்ப்பு, சிகரெட்டுக்குச் ‘சிம்லா’ என்ற ஊர்ப்பெயரை இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் கேட்டபோது அதையும் மறுத்தது. இங்கிலாந்தில் 1954-இல் பிரபுக்கள் சபை, செம்புக் குழாய்களுக்கு ‘யார்க்‌ஷயர்’ என்ற பெயர் வியாபாரத்தில் முற்றும் ஒரு நிறுவனத்தையே குறிக்கும் நிலையை அடைந்துவிட்டது என்பது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்த போதிலும், ஒரு பெரும் பிரதேசத்தின் பெயரை ஒருவருக்குத் தருவதற்கில்லை என்று மறுத்திருந்தது. அது மிகக் கடுமையான நிலை. இன்றைய சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை, போகவும் வேண்டியதில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயரால் செயற்கை இனிப்பு விற்றுவந்த காடிலா நிறுவனம், அமுல் பெயரால் பால்பண்டங்களை விற்கும் குஜராத் கூட்டுறவுச் சம்மேளனம் தன் உறைபனி இனிப்பின் உறையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதியதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் காட்டிய வழி நுட்பமானது. இனிப்பூட்டிகளைப் பொறுத்தவரையில் அந்தச் சொல் காடிலாவின் சரக்கோடு சேர்த்து அறியப்படுகிறது என்பதை அது ஏற்றது. ஆயினும், சர்க்கரை சேராத பண்டத்தைச் சர்க்கரை சேராதது என்று கூறுவதிலிருந்து மற்றொருவரைத் தடுக்க மறுத்தது. அதே சமயம், அமுல் என்ற தன் பெயரைவிட எடுப்பான பெரிய எழுத்தில் அந்தச் சொல்லைப் போடலாகாது என்றும் கட்டளையிட்டது. எழுத்தின் அளவிலே நியாயத்தை நிறுத்துப் பார்த்த இந்தத் தீர்ப்பை, 2009-இல் மேல்முறையீட்டு அமர்வும் மாற்றவில்லை. சொல்லைக் கொண்டு குணம் கூறுவது வேறு, சொல்லைக் கொண்டு பெயர் சூட்டிக்கொள்வது வேறு என்ற பாகுபாட்டை இதைவிடத் தெளிவாக நடைமுறையில் காட்டிய தீர்ப்பு அரிது.

அதற்கடுத்த ஆண்டிலேயே வந்தது மாரிகோ வழக்கு. எண்ணெயைக் குறைவாக உறிஞ்சும் தன்மையைக் குறித்து ‘லோ-சார்ப்’, ‘லோசார்ப்’ என்று இரண்டு முத்திரைகளை மாரிகோ நிறுவனம் பதிவு செய்து வைத்திருந்தது. சன்டிராப் எண்ணெய் விற்ற அக்ரோ டெக் நிறுவனம் தன் புட்டியின் மேல் ‘லோ அப்சார்ப்’ தொழில்நுட்பம் என்று எழுதவே, தடையாணை கேட்டு மாரிகோ வழக்குத் தொடுத்தது. இங்கே பதிவுச் சான்றிதழே கையில் இருந்தது. ஆயினும் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு தடையாணை தர இசையவில்லை. சாதாரண வர்ணனைச் சொல்லைச் சற்றே சுருக்கியும் ஒட்டியும் எழுதியதனால் அது ஆக்கிக்கொண்ட சொல்லாகிவிடாது. அத்தகைய சொற்களில் ஏகபோகம் தருவதை நீதிமன்றங்கள் ஊக்குவிக்கலாகாது. சில ஆண்டு உபயோகத்தைக் காட்டித் தனித்தன்மை வந்துவிட்டது என்று கூறுவதை எளிதில் ஏற்கலாகாது என்ற அதன் கருத்துக்கள், இத்துறையில் இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன.

சொல்லைச் சிதைத்தெழுதி அதைப் புதுச்சொல்லாகக் காட்டும் வழக்கம் இணைய வியாபாரத்தில் பெருகியிருக்கிறது. ‘போன்பே’ நிறுவனம் ‘பாரத்பே’ நிறுவனத்தை எதிர்த்துக் கொண்டுவந்த வழக்கில், ‘பே’ என்ற விகுதி, செலுத்துவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி எழுதியதே என்றும், எழுத்து மாறினாலும் வர்ணனை மாறாது என்றும் 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையை மறுத்தது; 2024-இல் அவ்விரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. அதற்கு முன்பே 2017-இல் ‘புக்மைஷோ’ நிறுவனத்துக்கும், 2020-இல் ‘டெல்லிவரி’ நிறுவனத்துக்கும் இதே வகையான மறுப்பு கிடைத்திருக்கிறது. வெளிநாடுகளிலும் அலை இப்படியும் அப்படியுமாக அடித்திருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2001-இல் குழந்தைகளின் அணையாடைக்கு ‘பேபி-டிரை’ என்ற பெயரை அனுமதித்துவிட்டு, 2003-இல் ‘டபிள்மின்ட்’ வழக்கில், ஒரு சொல்லுக்குள்ள பொருள்களில் ஒன்றேனும் வர்ணனையாக இருக்கக்கூடுமானால் மறுக்கலாம் என்று கதவை மீண்டும் இறுக்கிற்று.

இவ்வளவையும் பார்க்கும்போது, நீதிமன்றம் வரையில் போகக்கூடியவருக்குப் பெரும்பாலும் நியாயம் கிடைத்துவிடுகிறது என்பது தெரிகிறது. என் கவலை அங்கே போகாதவரைப் பற்றியது. மாரிகோ வழக்கில் எதிர்த்து நின்றது ஒரு பெரிய நிறுவனம்; அது தோற்றிருந்தாலும் புட்டியின் மேலிருந்த ஒட்டுத்தாளை மாற்றிக்கொண்டு வியாபாரத்தைத் தொடர்ந்திருக்கும். அதே பதிவைக் காட்டி ஒரு சிற்றூர்ச் செக்குக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? சட்டத்தின் 30-ஆம் பிரிவும் 35-ஆம் பிரிவும், தம் சரக்கின் குணத்தை நல்லெண்ணத்தோடு எடுத்துக்கூறுகின்ற எவரையும் முத்திரை உரிமையாளர் தடுக்க முடியாது என்று தெளிவாகவே சொல்லுகின்றன. ஆனால் அந்தப் பிரிவுகள் வழக்கில் நின்று வாதாடும்போதுதான் உயிர் பெறுகின்றன. பதிவு பெற்றவர் தாம் வியாபாரம் நடத்தும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 134-ஆம் பிரிவு வழி செய்கிறது. பதிவுச் சான்றிதழே பதிவின் செல்லுபடிக்கு முதற்சாட்சியம் என்று 31-ஆம் பிரிவு கூறுகிறது. போலி முத்திரை இட்ட குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. இவற்றையெல்லாம் எடுத்தெழுதிய நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தவுடன், முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த ஒரு சாதாரணச் சொல்லைத் தம் பலகையிலிருந்து அழித்துவிடுவதே மேல் என்று சிறு வியாபாரி முடிவு கட்டுவாரானால் அவரைக் குறைகூற முடியாது. அப்படி அழிந்த சொல் எந்தத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை. ஆனால் வேலி அந்த அளவுக்கு நகர்ந்துவிடுகிறது.

ஆதலால், சொல் பதிவேட்டில் ஏறும் வேளையிலேயே கண்டிப்பு வேண்டும் என்பது என் வாதம். இப்போது தனித்தன்மைக்குச் சாட்சியமாகப் பெரும்பாலும் எவை தரப்படுகின்றன? ஆண்டுதோறும் விற்ற தொகை, விளம்பரத்துக்குச் செலவிட்ட தொகை, பத்திரிகை விளம்பரங்களின் நகல்கள், இவற்றை வரிசைப்படுத்திய ஒரு பிரமாணப் பத்திரம். இவையெல்லாம் வியாபாரி மக்களிடம் என்ன சொன்னார் என்பதைக் காட்டுகின்றனவே அன்றி, மக்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதைக் காட்டுகின்றனவா? ஒரு கோடி ரூபாய் செலவிட்டு ‘சுத்தமான எண்ணெய்’ என்று நாடெங்கும் முழங்கியவரின் முழக்கத்தைக் கேட்ட மக்கள், எண்ணெய் சுத்தமானது என்று நம்பியிருக்கலாம். சுத்தம் என்ற சொல்லே அவருடையது என்று நம்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. செலவைச் சாட்சியமாக ஏற்றால், மொழியின் பொதுச்சொற்கள் ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குப் போய்ச் சேரும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்த ‘புக்கிங்.காம்’ வழக்கில், அந்தப் பெயர் பொதுப்பெயரா, ஒரு நிறுவனத்தின் பெயரா என்று வாடிக்கையாளரையே கேட்டு எடுத்த ஆய்வில், 74.8 சதவீதம் பேர் அதை ஒரு நிறுவனத்தின் பெயராகவே உணர்ந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. எட்டு நீதிபதிகள் பதிவுக்கு ஆதரவாகவும், ஒருவர் எதிராகவும் நின்றனர். முடிவோடு நான் முழுவதும் உடன்படவில்லை. முன்பதிவு என்னும் தொழிலின் பெயரோடு ஒரு வலைமுகவரி விகுதியைச் சேர்த்த மாத்திரத்தில் அது தனிப்பெயர் ஆகலாம் என்பது, பெருநிறுவனங்களுக்குச் சாதகமாக முடியக்கூடிய நிலை. ஆனால், தனித்தன்மை என்பது மக்கள் மனத்தில் இருக்கும் ஒன்று, அதை மக்களிடமே கேட்டறிய வேண்டும் என்ற அந்த அணுகுமுறை நமக்குப் பாடமாக வேண்டும். வாடிக்கையாளர், சில்லறைக் கடைக்காரர், அதே சரக்கை விற்கும் வேறு வியாபாரிகள் ஆகியோரின் வாக்குமூலம் இன்றி, வர்ணனைச் சொல் எதையும் விலக்கின் கீழ்ப் பதிவு செய்வதில்லை என்ற ஒழுங்கைப் பதிவாளர் தாமே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

உரிமைத் துறப்பும் திரும்பி வர வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் பதிவாளருக்கு வெளிப்படையாக இருந்த அந்த அதிகாரம், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே உருவில் இல்லை. முத்திரையை முழுமையாகப் பதிவு செய்வதால் அதன் பொதுவான உறுப்புகளின்மேல் தனியுரிமை உண்டாகாது என்று 17-ஆம் பிரிவு பொதுவாகச் சொல்லிவிட்டு நிற்கிறது. சில பதிவுகளில் இன்றும் நிபந்தனைகள் எழுதப்படுவது உண்டென்றாலும், பல சான்றிதழ்களில் அத்தகைய குறிப்பு எதுவும் இராது. சட்டம் கற்றவருக்கு 17-ஆம் பிரிவு போதும். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிற வியாபாரிக்கோ, ‘ஸ்ரீ’ என்ற சொல்லுக்குத் தனியுரிமை இல்லை என்று சான்றிதழிலேயே அச்சாகியிருந்தால்தான் தைரியம் பிறக்கும்.

நம் மொழிகளின் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் வர்ணனையாக இருக்கும் சொல்லைப் பரிசோதகர் பார்த்தவுடன் கண்டுகொள்ளுகிறார். ‘மரச்செக்கு’, ‘கைக்குத்தல்’, ‘வீட்டுப்பக்குவம்’ போன்ற சொற்களை, தமிழ் அறியாத ஒருவர் பார்த்தால் அவை ஏதோ அழகிய ஆக்கப் பெயர்கள் போலவே தோன்றும். ஆங்கிலமும் ஹிந்தியும் அல்லாத எழுத்தில் உள்ள சொற்களுக்கு மொழிபெயர்ப்பும் ஒலிபெயர்ப்பும் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அதைத் தருகிறவர் விண்ணப்பதாரரே. அதிலும் விதி பேசுவது எழுத்தைப் பற்றி. தமிழ்ச்சொல்லை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த விதியின் கண்ணில் படாமலே நழுவ இடமிருக்கிறது. ‘ரசோயி’ வழக்கின் நியாயம் தமிழுக்கும் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் மலையாளத்துக்கும் ஒன்றேயானாலும், சொல்லின் பொருளை அறியாமல் அந்த நியாயத்தை எவ்வாறு செலுத்துவது?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2010-இல் தீர்ப்பான திருமணத் தகவல் நிறுவன வழக்கு இதற்கு ஒரு நல்ல உதாரணம். ‘பாரத் மேட்ரிமனி’, ‘தமிழ் மேட்ரிமனி’ முதலான பெயர்களைப் பதிவு செய்திருந்த நிறுவனம், அச்சொற்களைக் கூகிளின் விளம்பரத் தேடுசொற்களாகப் போட்டி நிறுவனங்கள் வாங்குவதைத் தடுக்கக் கோரியது. தமிழ் என்பதும் தெலுங்கு என்பதும் மொழிகளின் பெயர். ‘மேட்ரிமனி’ என்பது திருமணம். தமிழர்களுக்கு வரன் பார்த்துத் தரும் மற்றொருவர் தம் தொழிலை வேறெந்தச் சொல்லால் குறிப்பது என்ற கேள்வி அவ்வழக்கின் நடுவே நின்றது. நீதிபதி ராமசுப்பிரமணியன் மிக விரிவாக ஆராய்ந்து, அத்தகைய வர்ணனைச் சொற்களின்மேல் கேட்கப்பட்ட தடையைத் தர மறுத்தார். சொற்களின் பொருளை அறிந்த நீதிமன்றம் ஆகையால் விடை நேராகக் கிடைத்தது. அந்த அறிவு பரிசோதகரின் மேசைக்கும் வர வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் வழக்கிலுள்ள தொழிற்சொற்களையும் பண்டப்பெயர்களையும் பல்கலைக்கழகங்களின் துணையோடு தொகுத்துப் பதிவகத்தில் வைப்பது, இன்றைய கணினி வசதியில் கடினமான காரியமன்று.

பதிவு செய்வதைச் சிறு வியாபாரிகளுக்கு எளிதாக்கியிருப்பதை நான் வரவேற்கிறேன். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய் என்றும், மற்றவர்க்கு 9,000 ரூபாய் என்றும் விதிகள் வகுத்திருப்பது நியாயமானதே. ஆனால் எளிதாகப் பெறும் பதிவு, எளிதாகப் பிறரை மிரட்டும் கருவியாகவும் ஆகிவிடக் கூடாது. தாம் பதிவு செய்யப்போகும் பெயருக்கு யோசனை கேட்கிற இளம் தொழில்முனைவோரிடம், குணம் கூறும் சொல்லை விட்டுவிட்டு, சரக்கோடு நேர்த்தொடர்பில்லாத ஒரு பெயரைத் தேர்ந்துகொள்ளும்படியே வழக்கறிஞர்கள் வற்புறுத்த வேண்டும். தொடக்கத்தில் சிறிது சிரமம் இருப்பினும், எவரும் அசைக்க முடியாத உரிமை அதில்தான் கிடைக்கும்.

வாரந்தோறும் திங்கட்கிழமையன்று வர்த்தக முத்திரைகள் இதழ் வெளியாகிறது. ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் அதில் அச்சாகின்றன. அச்சான தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதற்கு அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இல்லை. இணையவழி ஆட்சேபணைக்குக் கட்டணம் 2,700 ரூபாய். எண்ணெய் வியாபாரிகள் சங்கமும், மசாலா உற்பத்தியாளர் சங்கமும், உணவக உரிமையாளர் சங்கமும் ஆளுக்கொரு எழுத்தரை நியமித்து, தத்தம் வகுப்புக்குரிய பக்கங்களை வாரந்தோறும் வாசிக்கச் செய்து, தங்கள் தொழிலின் பொதுச்சொல் ஒன்று தனியொருவர் பெயரில் அச்சாகியிருக்கக் கண்டவுடன் அந்த நான்கு மாதத்துக்குள் சங்கத்தின் பெயராலேயே ஆட்சேபணை கொடுக்குமாயின், தனித்தனி உறுப்பினர் பின்னாளில் நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.